வரைபடத்தைப் பார்த்துக் கட்டினால் கேவலமா?

நம்ம ஊர் செய்தித்தாள்களுக்கு ஒரு பழக்கம். எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு பையன் இரும்புக் குழாயையும் பழைய கார் எஞ்சினையும் வைத்து விமானமோ ஹெலிகாப்டரோ கட்டினால் போதும், அரைப்பக்கம் ஒதுக்கிவிடுவார்கள். அந்த அரைப்பக்கத்தில் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்கும். பையன் அதிகம் படிக்காதவர். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. பிளான் எதுவும் கிடையாது, எல்லாம் சொந்த மூளை. படிக்கிறவர்களும் "படிக்காத மேதை" என்று கைதட்டிவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

2021 ஆகஸ்ட் மாதம் மகாராஷ்டிராவில் ஒரு கிராமத்தில் அப்படி ஒரு இளைஞர் இறந்துபோனார். வயது 24. வெல்டிங் தெரிந்தவர். இரண்டு வருஷமாகத் தானே கட்டிய ஹெலிகாப்டரைத் தரையில் நிறுத்தி எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது பின்பக்க விசிறி உடைந்து மேலே சுழன்ற பெரிய விசிறியில் அடித்தது. பெரிய விசிறியின் இறக்கை அவர் தலையில் அடித்தது. ஹெலிகாப்டர் தரையை விட்டு ஒரு அடி கூட எழும்பவில்லை. மறுநாள் செய்தியிலும் அதே மூன்று விஷயங்கள் இருந்தன, இந்த முறை சோகமான எழுத்தில்.

அவர் செய்த தப்பு என்ன என்று கேட்டால் "அனுமதி வாங்கவில்லை" என்பார் ஒருவர், "படிப்பு இல்லை" என்பார் இன்னொருவர். இரண்டும் விஷயத்தைத் தொடவில்லை. படிப்பே இல்லாத ஆட்கள் நூறு வருஷமாக வீட்டில் விமானம் கட்டிப் பறந்து, கிழவர்களாகிக் கட்டிலில் செத்திருக்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான். பெரும்பாலும் அவர்கள் முதல் விமானத்தில் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வேறு ஒருவர் வரைந்து, கட்டி, பறந்து காட்டிய பிளானைக் காசு கொடுத்து வாங்கி, அதில் இருந்தபடியே கட்டினார்கள். நாம் எதை "வெறும் காப்பி" என்று மட்டமாகப் பார்க்கிறோமோ அதுதான் அவர்களைக் காப்பாற்றியது. முதல் தடவை கட்டுகிறவரிடம் "சொந்த மூளை"யை எதிர்பார்க்கிற நம் கைதட்டலில்தான் கோளாறு.

பிளான் வாங்கிக் கட்டுவது புது விஷயமல்ல. சாந்தோஸ் துமோன் என்ற பிரேசில்காரர் பாரிஸில் 'டெமாய்செல்' என்ற குட்டி விமானத்தை உருவாக்கிவிட்டு, காப்புரிமை எதுவும் கோராமல் யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். 1910-ல் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' பத்திரிகை அதன் வரைபடங்களை வெளியிட்டது. அப்புறம் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில், செர்ரி குரோவ் என்ற குட்டி ஊரில் பெர்னார்ட் பீட்டன்போல். முறையான பொறியியல் படிப்பு இல்லாத மெக்கானிக். 1929-ல் ஃபோர்டு மாடல்-ஏ கார் எஞ்சினை வைத்து 'ஏர் கேம்பர்' என்ற இரண்டு சீட் மர விமானத்தைப் பறக்கவிட்டார். கார் எஞ்சின் விமானத்துக்கு உதவாது என்று எழுதிய பத்திரிகை ஆசிரியரிடமே விமானத்தில் போய் இறங்கிக் காட்டினார். அதே பத்திரிகைக்காரர்கள் 1932-ல் அவருடைய பிளானை அச்சிட்டார்கள். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப்போகிறது. இன்றும் அந்த பிளானைப் பார்த்து யாரோ ஒருவர் தன் கார் ஷெட்டில் மரம் இழைத்துக்கொண்டிருக்கிறார்.

1953-ல் பால் போபெரெஸ்னி என்பவர் மில்வாக்கியில் இப்படிப்பட்ட ஆட்களைக் கூட்டி இஏஏ என்ற சங்கத்தை ஆரம்பித்தார். அந்தச் சங்கம் ஒவ்வொரு ஜூலையும் ஆஷ்கோஷில் நடத்தும் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் விமானங்கள் வந்து இறங்குகின்றன. அமெரிக்கச் சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. வேலையின் பெரும்பகுதியை, அதாவது பேச்சுவழக்கில் 51 சதவீதத்தை, ஒருவர் தன் படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தானே செய்திருந்தால் அது 'எக்ஸ்பெரிமென்டல்' வகையில் பதிவாகும். ஏறுகிற வாசலருகே அந்த வார்த்தையைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதி வைக்க வேண்டும். ஏறுகிறவருக்கு என்ன வகை விமானத்தில் ஏறுகிறோம் என்று தெரியவேண்டும் அல்லவா?

சரி, குற்றச்சாட்டுக்கு வருவோம். "பிளானைப் பார்த்துக் கட்டுவதில் என்ன திறமை? சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைக்கிற மாதிரிதானே?"

சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைத்தவர்களுக்குத் தெரியும், குறிப்பு சமைக்காது :-) பீட்டன்போல் மாதிரி ஒரு மர விமானத்தையே எடுத்துக்கொள்ளலாம். இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி முப்பது வரை சட்டங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் கால் அங்குலத்துக்கு அரை அங்குலம் உள்ள குச்சிகளை வளைத்து, ஒட்டி, மூலைகளில் மெல்லிய பிளைவுட் வைத்துச் செய்வது. முதலில் ஒரு பலகையில் அச்சு செய்ய வேண்டும். எல்லாச் சட்டமும் அந்த அச்சில்தான் பிறக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கை அலை அலையாக வரும். மரம் வாங்கும்போது ரேகை பார்க்க வேண்டும். 15 அங்குல நீளத்துக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் ரேகை சாய்ந்திருந்தால் அந்தக் கட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ள வேண்டியதுதான். பசை கலக்கும்போதெல்லாம் அதே பசையில் இரண்டு துண்டுக் கட்டைகளை ஒட்டிவைத்து, காய்ந்த பிறகு உடைத்துப் பார்க்க வேண்டும். மரம் பிய்ந்தால் பசை நல்ல பசை. ஒட்டிய இடம் பிரிந்தால் அன்றைக்குச் செய்த வேலை மொத்தமும் குப்பைக்கு.

போல்ட் கதை இன்னும் வேடிக்கை. கடையில் கிடைக்கும் போல்ட்டும் விமான போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுதான். விமானத்துக்கு 'ஏஎன்' என்ற தரக்குறியீடு உள்ள போல்ட் வேண்டும். ஏஎன்-3 என்றால் மூன்று பதினாறில் ஒரு பங்கு அங்குல விட்டம், எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்று எழுத்தில் இருக்கிறது. கடை போல்ட்டுக்கு அந்த எழுத்து இல்லை. தாங்கலாம், தாங்காமலும் போகலாம். துணி போர்த்தும்போதும் இப்படித்தான். பாலியெஸ்டர் துணியை இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டிச் சுருக்கி இழுக்க வேண்டும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் சூட்டை நம்பக்கூடாது, வெப்பமானி வைத்து அளந்துகொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். சூடு அதிகமானால் துணி இழுக்கிற இழுப்பில் உள்ளே இருக்கும் மெல்லிய மரச்சட்டமே வளைந்துவிடும்.

இதெல்லாம் பிளானைப் "பார்த்துச்" செய்வது. இதற்கே சாதாரணமாக ஆயிரத்துக்கு மேல், பலருக்கு இரண்டாயிரம் மணி நேரம் கூட ஆகும். வேலைக்குப் போய்க்கொண்டே வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்கினால் இரண்டாயிரம் மணி நேரம் என்பது இருநூறு வாரம். கிட்டத்தட்ட நான்கு வருஷம். கட்டுகிறவர்களிடையே ஒரு பழைய கிண்டல் உண்டு, "தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது, இன்னும் தொண்ணூறு சதவீதம்தான் பாக்கி" என்று. இதில் திறமை இல்லை என்று சொல்கிறவர் முதலில் ஒரு நாற்காலி செய்து அதில் உட்கார்ந்து காட்டட்டும்.

அடுத்த கட்சிக்காரர்கள் கொஞ்சம் நாசூக்கு. "பிளானை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கங்கே சின்னச் சின்ன முன்னேற்றம் செய்யலாமே?" கேட்க நியாயமாக இருக்கிறது. அதனால்தான் ஆபத்து.

பின்பக்கம் கொஞ்சம் பலமாக இருக்கட்டும் என்று வாலில் ஒரு கிலோ கூட்டுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வால், விமானத்தின் எடை மையத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி இருக்கிறது. எஞ்சின் ஒரு மீட்டர் தள்ளி. வாலில் கூடிய ஒரு கிலோவைச் சமன்செய்ய எஞ்சின் பக்கம் நான்கு கிலோ வேண்டும். ஒரு கிலோ ஐந்து கிலோ ஆகிவிட்டது. எடை கூடினால் மேலே கிளம்ப ஓடுபாதை அதிகம் வேண்டும், எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காதோ அந்த வேகமும் கூடும். சமன்செய்யாமல் விட்டால் இன்னும் மோசம். வால் கனத்த விமானம் மூக்கைத் தூக்கி வேகத்தை இழந்தால் மறுபடி மூக்கை இறக்க முடியாமல் போகலாம். தடிமனான தகடு போட்டால் பலம் கூடும் என்பதும் பாதி உண்மைதான். ஒரு இடம் விறைப்பானால் அது தாங்கவேண்டிய பாரமும் கூடும், அந்தப் பாரம் அடுத்த இணைப்பில் போய் இறங்கும். அந்த இணைப்பைக் கணக்குப் போட்டவர் அதை எதிர்பார்க்கவில்லை.

எடையே கூட்டாத மாற்றம் கூட ஆளைக் கொல்லும். பர்ட் ருட்டான் வடிவமைத்த 'லாங்-ஈஸி' பிளானாக விற்ற விமானம். அதில் எந்தத் தொட்டியிலிருந்து பெட்ரோல் வரவேண்டும் என்று திருப்பும் வால்வு, பிளான்படி பைலட்டின் கால்களுக்கு நடுவே, கைக்கு எட்டுகிற இடத்தில். ஒரு லாங்-ஈஸியைக் கட்டியவர், பெட்ரோல் குழாய் ஆள் உட்காரும் இடத்துக்குள் வரவேண்டாம் என்று வால்வைப் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். கெட்ட எண்ணம் இல்லை, பாதுகாப்புக்காகத்தான். விமானம் கை மாறியது. 1997-ல் பாடகர் ஜான் டென்வர் அதை வாங்கினார். அந்த அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவில் மான்டரே வளைகுடாவில் விழுந்து இறந்தார். தொட்டியை மாற்றவேண்டி வந்தால் உடம்பைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் கை நீட்ட வேண்டும், அப்படித் திரும்பும்போது கால் தானாக ரட்டரை அழுத்தும் என்று விசாரணையில் தெரிந்தது. வால்வு இருந்த இடம், அதில் குறியீடு இல்லாதது, அந்த விமானத்தில் அவருக்குப் போதிய பழக்கம் இல்லாதது எல்லாவற்றையும் விசாரணை அறிக்கை காரணமாகச் சொன்னது. சின்ன முன்னேற்றம்தான். அதற்கான விலையைக் கொடுத்தவர் அதைச் செய்தவர் கூட இல்லை.

இந்த இடத்தில் யாராவது ரைட் சகோதரர்களைக் கூட்டிவருவார்கள். "அவர்கள் எந்த பிளானைப் பார்த்தார்கள்?" பார்த்தார்கள் ஐயா. 1899-ல் வில்பர் ரைட் செய்த முதல் வேலை, விமானம் பற்றி இதுவரை எழுதியதை எல்லாம் அனுப்புங்கள் என்று ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கடிதம் போட்டது. லிலியெந்தாலின் அட்டவணைகளை வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். கணக்கு ஒத்துவராதபோது 1901-ல் காற்றுச்சுரங்கம் ஒன்றைச் செய்து சுமார் இருநூறு இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள். 1900, 1901, 1902 என்று மூன்று வருஷம் எஞ்சின் இல்லாத கிளைடரில் மணல் மேட்டில் விழுந்து எழுந்து பழகிவிட்டுத்தான் 1903 டிசம்பரில் எஞ்சினை வைத்தார்கள். முதல் தாவல் 12 விநாடி, 120 அடி. "சொந்த மூளை" என்று சொல்கிறவர்கள் இந்த நான்கு வருஷத்தை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. மும்பையில் வீட்டு மொட்டைமாடியில் ஆறு சீட் விமானம் கட்டிய அமோல் யாதவ் சொந்த வடிவமைப்பில்தான் கட்டினார். ஆனால் அவர் தொழில்முறை பைலட், அது அவருடைய முதல் முயற்சியும் அல்ல. 2016-ல் மும்பை 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் விமானம் நின்றது. 2017-ல் பதிவு, 2019-ல் பறக்க அனுமதி, 2020-ல்தான் காற்றில் ஏறியது. முந்தைய விமானங்களில் கற்ற பாடத்தோடு கண்டுபிடிக்கிறவர் வேறு, முதல் நாளே கண்டுபிடிக்கிறவர் வேறு. பீட்டன்போலும் ஏர் கேம்பருக்கு முன்பே கட்டிப் பார்த்து அடிபட்டவர்தான்.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதம் உண்மையிலேயே கனமானது. பிளானே தப்பாக இருந்தால்?

இருந்திருக்கிறது. பிரான்சில் ஆன்ரி மின்யே என்பவர் 1933-ல் 'பூ-து-சியெல்' என்ற குட்டி விமானத்தைப் பறக்கவிட்டார். பெயருக்கு அர்த்தம் 'வானத்துப் பேன்'. அடுத்த வருஷம் அதை எப்படிக் கட்டுவது என்று புத்தகமே போட்டார். பெட்டிக்கு ஆணியடிக்கத் தெரிந்தவன் விமானமும் கட்டலாம் என்கிற தோரணை. பிரான்சிலும் இங்கிலாந்திலும் வீட்டுக்கு வீடு கட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் வரிசையாக விபத்து. முழு விமானத்தையே காற்றுச்சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோதுதான் தெரிந்தது, முன் இறக்கையும் பின் இறக்கையும் நெருக்கமாக இருந்ததால், மூக்கு ஒரு அளவுக்கு மேல் கவிழ்ந்துவிட்டால் ஸ்டிக்கை எவ்வளவு இழுத்தாலும் நிமிராது. 1936-ல் தடை வந்தது. பிளானை அப்படியே பின்பற்றியவர்களும் செத்தார்கள்.

ஆனால் இது எதைக் காட்டுகிறது? பிளான் வேண்டாம் என்பதையா? ஆர்வமும் திறமையும் உள்ள, தன் கையால் கட்டித் தானே பறந்த ஒருவரின் வடிவமைப்பிலேயே காற்றுச்சுரங்கம் வரைக்கும் கண்ணில் படாத ஓட்டை இருந்தது என்றால், முதல்முறை கட்டுகிறவரின் "சொந்த மூளை"யில் எத்தனை ஓட்டை இருக்கும்? அதனால்தான் புத்திசாலிகள் புத்தம்புது பிளானை வாங்குவதில்லை. ஐந்து பத்து வருஷமாக நூற்றுக்கணக்கில் பறக்கிற பிளானை வாங்குகிறார்கள். சில நூறு டாலர் கொடுத்து வாங்குவது காகிதத்தை அல்ல, தனக்கு முன்னால் கட்டியவர்கள் செய்த தப்புகளின் பட்டியலை. அந்த விலைக்கு அதைவிட மலிவான சரக்கு உலகத்தில் கிடையாது.

பிளான் மட்டும் போதுமா என்றால் போதாது. கணக்கு எழுதியவரே அந்தக் கணக்குக்கு ஆடிட்டராக இருக்கக் கூடாது என்பது காமர்ஸில் முதல் பாடம். நேர்மை இல்லாதவர் என்பதால் அல்ல, தன் தப்பு தன் கண்ணில் படாது என்பதால். இங்கிலாந்தில் எல்ஏஏ சங்கத்தின் இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். துணி போர்த்தி மூடிவிட்டால் உள்ளே இருக்கும் ஒட்டு யார் கண்ணுக்கும் தெரியாது என்பதால் மூடுவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். அமெரிக்காவில் இஏஏ-வின் தன்னார்வ ஆலோசகர்கள் காசு வாங்காமல் வந்து பார்க்கிறார்கள்.

இங்கேதான் பணக்கணக்கு உயிர்க்கணக்கோடு மோதுகிறது. நான்கு வருஷம், சேமிப்பு முழுதும் போட்டவர், கடைசி மாதத்தில் ஒரு ஒட்டு சரியில்லை என்று தெரிந்தால் என்ன செய்வார்? போட்ட பணம் போனதுதான், இனி எடுக்கும் முடிவில் அதைச் சேர்க்கக்கூடாது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. 'சங்க் காஸ்ட்' என்று பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. ஊரெல்லாம் "எப்பப்பா பறக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டு மார்க் பதில் யாருக்கும் ஞாபகம் வராது. வெளியாள் ஒருவர் வந்து "துணியைக் கிழி" என்று சொன்னால்தான் உண்டு.

அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணில் சொல்கிறது. அங்கே சொந்த உபயோக, சிறு விமானங்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்று வீட்டில் கட்டியது. ஆனால் 2011-ல் நடந்த விபத்துகளில் 15 சதவீதமும், உயிர் போன விபத்துகளில் 21 சதவீதமும் இவற்றுடையவை. எஞ்சின் கோளாறும் கட்டுப்பாட்டை இழப்பதும்தான் முக்கியக் காரணங்கள். பெட்ரோல் போதுமான அளவில் வருகிறதா என்று தரையில் அளந்து பார்ப்பது, எடை மையத்தை மூன்று தராசில் நிறுத்திக் கணக்கிடுவது, முதல் பறப்பை அனுபவசாலி பைலட்டிடம் கொடுப்பது, இதெல்லாம் அந்த எண்ணைக் குறைக்கும் வழிகள். கட்டிய ஆள் நான்கு வருஷம் மரம் இழைத்ததில் பறக்கும் பழக்கத்தையே இழந்திருப்பார். 2014 முதல் சோதனைப் பறப்பில் தகுதியுள்ள இரண்டாவது பைலட் கூட இருக்கவும் அங்கே வழி செய்திருக்கிறார்கள்.

இந்த எண்களைப் பார்த்தவுடன் "அப்ப மொத்தமாகத் தடை போடு" என்று ஒரு கூட்டம் கிளம்பும். தடை போட்டால் ஆசை போகாது. கொல்லைப்புறத்துக்குப் போகும். அங்கே இன்ஸ்பெக்டர் வரமாட்டார், பிளான் வராது, உடைத்துப் பார்த்த பசைத் துண்டு வராது. மகாராஷ்டிராவில் நடந்தது அதுதான். வெல்டிங் தெரிந்த, இரண்டு வருஷம் பொறுமையாக உட்கார்ந்து வேலை செய்யத் தெரிந்த ஒருவர் அந்தக் கிராமத்தில் இருந்தார். ஆஷ்கோஷுக்கு விமானத்தோடு வருகிற பாதிப்பேரிடம் இருக்கிற சரக்கு அதுதான். அவர் கையில் நல்ல பிளானும் பக்கத்தில் "இதை ஓட்டாதே, கழற்று" என்று சொல்ல ஒரு ஆளும் இருந்திருந்தால்?

அடுத்த முறை அந்த அரைப்பக்கச் செய்தி வரும். கட்டாயம் வரும். கைதட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்கலாம். இதை வரைந்தது யார், அது எத்தனை முறை பறந்திருக்கிறது? மூடுவதற்கு முன்னால் உள்ளே பார்த்தது யார்? முதலில் ஓட்டப்போவது யார்? மூன்றுக்கும் "நானேதான்" என்று பதில் வந்தால் அந்தப் பையனுக்குத் தேவை கைதட்டல் அல்ல. யாராவது ஓடிப்போய் எஞ்சினை நிறுத்த வேண்டும்.